ஊறி வரும் வேகம்

"எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள்?" சிறுநீரகம் செயலிழந்து, எந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்து மிகுதி நீரை எடுக்கும் டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூன்று லிட்டர் என்றால் முகம் மலர்கிறது. ஒன்றரை என்றால், ஏதோ வேலை பாதியில் நின்றுவிட்டது போல வாடுகிறது. டெக்னீசியனாக நானும் ஷிப்ட் முடிவில் அந்த எண்ணைத்தான் நோட்டில் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்ற எண்ணம் நெடுநாளாக என்னை விடவில்லை. எவ்வளவு எடுப்பது என்பதை எந்திரத்தில் நாங்கள் பதிவு செய்கிறோம். எடுப்பதற்கு ஈடாக எந்த வேகத்தில் நீர் இரத்தத்துக்குள் வந்து சேரும் என்பதை நோயாளியின் உடல் தீர்மானிக்கிறது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை அளக்க வழி இருந்தும் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும். எங்களிடம் வாரம் இருமுறை வரும் ஓர் அம்மா, ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவர். ட்ரை வெயிட் 55 கிலோ. அதாவது உடலில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை. ஒவ்வொரு முறையும் அதற்குமேல் மூன்று கிலோ ஏறித்தான் வருவார். வாரம் இரண்டே முறை என்றால் நடுவில் மூன்று நான்கு நாள் இடைவெளி விழுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 55 கிலோ உடலில் இரத்தம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். அவருடைய ஹீமட்டோகிரிட் 30. நூறு பங்கு இரத்தத்தில் 30 பங்கு சிவப்பணுக்கள், மீதி பெரும்பாலும் பிளாஸ்மா. ஆக இரண்டரை லிட்டர் பிளாஸ்மா. எந்திரத்தில் இரத்தத்தை வடிகட்டும் டயலைசரால் நீரை எடுக்க முடிந்த ஒரே இடம் அதுதான். நான்கு மணி நேரத்தில் நாங்கள் எடுக்கப்போகும் மூன்று லிட்டரோ அவருடைய இரத்தக் குழாய்களில் ஓடும் மொத்தப் பிளாஸ்மாவையும்விட அதிகம்.

அப்படி எடுத்த பிறகும் அவர் எழுந்து, செருப்பை மாட்டி, பஸ் ஏறிப் போகிறார். காரணம், எடுக்க எடுக்கத் திசுக்களுக்கு இடையே தேங்கிய நீர் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியாக இரத்தத்துக்குள் ஊறி வந்துகொண்டே இருக்கிறது. கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊற்றைவிட இறைப்பு வேகம் கூடினால், பூமிக்குள் எவ்வளவு நீர் இருந்தாலும் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கம் இருக்கும் ஒருவருக்கே இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருவது இதனால்தான். உடலில் நீர் நிறைய இருக்கிறது, இரத்தத்தில் இல்லை.

சரிவு வருவதை எந்திரத்துக்கு முன்பே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு கொட்டாவி. அதுவரை பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். கொட்டாவி விடுவார். நெற்றியில் வியர்வை பொடிக்கும். அந்த அம்மாவுக்குக் கெண்டைக்கால் சதை முதலில் இழுத்துப் பிடிக்கும். "கண்ணு, கால் இழுக்குது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீர் எடுப்பதை நிறுத்தி, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சலைன் கொடுப்போம். எடுத்த நீரில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். இது வாராவாரம் நடந்தது.

வெளிச்சம் சொல்வது

திசுநீர் இரத்தத்துக்குள் திரும்புவதை முதலில் அளந்துகாட்டியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 1896இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் சொன்ன சோதனை எளிமையானது. நாயின் ஒரு பின்னங்காலில் உப்புநீரைச் செலுத்தி வீங்கவைத்து, அந்தக் காலின் வழியே இரத்தத்தைச் சுழலவிட்டார். வீங்கிய காலின் வழியே சென்ற இரத்தம் நீர்த்துப்போயிருந்தது. பிளாஸ்மாவில் உள்ள புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், நீரைத் தம் பக்கம் இழுக்கின்றன. தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான போட்டிதான் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்கிறது. டயலைசர் நீரை மட்டும் எடுத்துப் புரதத்தை விட்டுவிடுவதால் பிளாஸ்மாவில் புரதம் செறிவாகிறது. தந்துகி அழுத்தமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து திசுநீரை உள்ளே இழுக்கின்றன. ஆல்புமின் குறைந்தவர்களுக்கு இந்த இழுவிசை பலவீனமாக இருப்பதில் வியப்பில்லை.

டயாலிசிஸின்போது இரத்த அளவைக் கண்காணிக்கும் இன்றைய மானிட்டர்கள் செய்வதும் அடிப்படையில் ஸ்டார்லிங்கின் வேலைதான்: இரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது, எவ்வளவு செறிந்திருக்கிறது என்று பார்ப்பது. இரத்தக் குழாயில் டயலைசருக்கு முன்னால் தெளிவான பிளாஸ்டிக்கில் ஒரு சிறிய அறை இணைக்கப்படும். கிரிட்-லைன் போன்ற கருவிகள் அதன் வழியே ஒளியைப் பாய்ச்சி, சிவப்பணுக்களின் அடர்த்தியிலிருந்து ஹீமட்டோகிரிட்டைக் கணிக்கின்றன. வேறு சில எந்திரங்கள் மீயொலியை அனுப்புகின்றன; புரதம் செறியச் செறிய இரத்தத்தில் ஒலியின் வேகம் கூடுகிறது. சிவப்பணுக்கள் டயலைசர் வழியே வெளியேறுவதில்லை. எனவே அவற்றின் விகிதம் கூடினால் சுற்றியிருக்கும் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில் 30 ஆக இருந்த ஹீமட்டோகிரிட் இறுதியில் 34 ஆனால், 30ஐ 34ஆல் வகுத்தால் 0.88. இரத்த அளவு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்திருக்கிறது. மூன்றரை லிட்டரில் 12 சதவீதம் என்றால் 420 மில்லிலிட்டர். நாங்கள் எடுத்தது 3,000. மீதி 2,580 மில்லிலிட்டர் நான்கு மணி நேரத்தில் திசுக்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. மணிக்கு 645. அந்த அம்மாவின் உடல் மணிக்கு 645 மில்லிலிட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மணிக்கு 750 கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கணக்கை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது, அவருடைய கால் ஏன் இழுத்துப் பிடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நடந்து வந்து படுத்த முதல் இருபது நிமிடத்தில், படுத்ததாலேயே கால்களிலிருந்து நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. எழுந்து உட்கார்ந்தால், இரத்த அளவை மானிட்டர் திரையில் வரைந்துகாட்டும் கோடு அசையும். சலைன் கொடுத்தால் அசையும். நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் எப்போதும் குறைவு. நீர் எடுக்கும்போது அந்த நீர்த்த இரத்தம் பெரிய குழாய்களுக்கு வந்து சேர்வதால், மானிட்டர் காட்டும் இழப்பு உண்மையான இழப்பைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது தொடக்கத்தோடு ஒப்பிட்ட சதவீதம் மட்டும். தொடக்கத்தில் எத்தனை லிட்டர் இருந்தது என்பதை அது சொல்லாது. மேலே நான் போட்ட மூன்றரை லிட்டர்கூட உடல் எடையிலிருந்து எடுத்த ஊகம்தான். இந்த ஓட்டையை அடைக்க ஜெர்மனியில் யோவாகிம் க்ரோன் குழுவினர் ஓர் அழகான வழி கண்டார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் எந்திரத்திலிருந்தே 240 மில்லிலிட்டர் தூய திரவத்தை இரத்தத்தில் விரைவாகச் செலுத்துவார்கள். கோடு எத்தனை சதவீதம் உயர்கிறது என்பதிலிருந்து மொத்த இரத்த அளவைக் கணித்துவிடலாம். அதே 240 மில்லிலிட்டர் குறைந்த இரத்தம் உள்ளவரிடம் கோட்டை அதிகம் உயர்த்தும்; நிறைய இரத்தம் உள்ளவரிடம் குறைவாக உயர்த்தும். எதையும் புதிதாக வாங்காமல், இருக்கும் எந்திரத்தையே வேறு மாதிரி கேள்வி கேட்பது இது. இப்படிச் சிந்திப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தட்டையான கோடு

மானிட்டர் வசதி உள்ள எந்திரம் வந்த புதிதில், சரியும் கோட்டைத்தான் எல்லோரும் பயத்தோடு பார்த்தோம். மணிக்கு 3 சதவீதத்துக்கும் குறைவாகச் சரிந்தால் நிம்மதி. 3க்கும் 6.5க்கும் நடுவே என்றால் கவனம். அதற்கு மேல் என்றால் ஆபத்து. இது கருவியோடு வந்த பொதுவான பாகுபாடு. அந்தக் கணக்கில் எங்கள் யூனிட்டிலேயே மிக நல்ல நோயாளி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். இரண்டரை லிட்டர் எடுத்தாலும் அவருடைய கோடு தரையில் கிடத்திய நூல் போலக் கிடக்கும். நான்கு மணி நேரத்தில் 2 சதவீதம் குறைந்தால் அதிகம். தசைப்பிடிப்பு இல்லை, மயக்கம் இல்லை. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போவார். "என் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும் தம்பி" என்பார். அவருடைய ட்ரை வெயிட்டை யாரும் நெடுநாளாகத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையை யாரும் உணரவில்லை.

ஒரு நாள் மாலை ரவுண்ட்ஸ் வந்த சிறுநீரக மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நின்றார். நோயாளியைக் கேட்காமல், பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியைக் கேட்டார்: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார்?" "மூன்று டாக்டர். சில நாள் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிவிடுவார்." நுரையீரலில் நீர் சேர்ந்தால் தட்டையாகப் படுக்க முடியாது. ஆசிரியர் செய்தித்தாளை மடித்தார். இரத்த அழுத்தத்துக்கு எத்தனை மாத்திரை என்று மருத்துவர் கேட்டார். மூன்று வகை. பிறகு என்னிடம் திரும்பி, கடைசிப் பத்து நிமிடம் நீர் எடுப்பதை முழுதாக நிறுத்தச் சொன்னார். இரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், நீர் மட்டும் எடுக்க வேண்டாம். என்ன நடக்கிறது என்று பார்.

நிறுத்தினேன். அவர் காட்ட நினைத்தது இதுதான்: திசுக்களில் மிகுதி நீர் தீர்ந்திருந்தால், இறைப்பை நிறுத்தியதும் ஊறுவதும் சீக்கிரமே அடங்கிவிடும்; கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். தீரவில்லை என்றால், எடுப்பார் இல்லாமலும் நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், கோடு ஏறும். ஏறியது. நான்கு மணி நேரம் தட்டையாகக் கிடந்த கோடு, நிறுத்திய சில நிமிடங்களிலேயே தலைதூக்கி, பத்து நிமிடம் முடிவதற்குள் தொடக்க அளவையும் தாண்டிவிட்டது. இரண்டரை லிட்டர் எடுத்து முடித்த ஒருவருடைய இரத்தம், வந்தபோது இருந்ததைவிட நீர்த்திருந்தது. அவருடைய உடல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் யூனிட்டின் மிக அமைதியான நோயாளி, உண்மையில் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தவர்.

அன்றிலிருந்துதான் ஒரு நல்ல டயாலிசிஸ் எது என்ற என் எண்ணம் தலைகீழானது. பிரச்சினை இல்லாமல் முடிந்த நான்கு மணி நேரம் எங்களுக்கு நல்லது. நோயாளிக்கு அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இண்டியானாபொலிஸைச் சேர்ந்த ராஜீவ் அகர்வால் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 150 பேரில் ஒரு பகுதியினருக்கு ட்ரை வெயிட்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்ததற்கே இரத்த அழுத்தம் கண்கூடாக இறங்கியது. அதே குழுவினர் அடுத்த ஆண்டு காட்டியது இன்னும் கூர்மையானது: கோடு தட்டையாக இருந்த நோயாளிகளிடையே இறப்பு அதிகம். இதில் புதுமை என்று பார்த்தால் அதிகம் இல்லை. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் தம் முதல் நீண்டகால டயாலிசிஸ் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸின் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தை உப்பைக் குறைத்தும் நீரை எடுத்தும்தான் அடக்கினார். அந்தப் பாடத்தை மறந்துவிட்டு நாம் மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

ஆசிரியருக்கு ஒவ்வொரு முறையும் இருநூறு முந்நூறு கிராம் கூடுதலாக எடுக்கத் தொடங்கினோம். சில வாரங்களில் கோடு சரியத் தொடங்கியது. கூடவே தசைப்பிடிப்பும் வந்தது. "நன்றாக இருந்தவனைப் படுத்துகிறீர்கள்" என்று கோபித்துக்கொண்டார். அவருடைய மனைவிதான் ஒரு நாள், "இப்போது ஒரே தலையணைதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றானது.

அளந்தவர்களுக்கு ஏன் நன்மை இல்லை?

இவ்வளவையும் பார்த்த பிறகு, எல்லா எந்திரத்திலும் இந்த மானிட்டர் இருக்க வேண்டும் என்று வாதாடுவதற்கு நான் தயாராக இருந்தேன். அதற்கு ஆதாரம் தேடியபோதுதான் அமெரிக்காவில் நடந்த கிளைம்ப் ஆய்வு கண்ணில் பட்டது. 2005இல் வெளியானது. 443 நோயாளிகள், ஆறு மாதம். ஒரு பாதியினருக்குக் கிரிட்-லைன் மானிட்டர், மறுபாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மானிட்டர் வைத்தவர்கள்தான் மருத்துவமனையில் அதிகம் சேர்ந்தார்கள். இறந்தவர்களும் அவர்களிடையேதான் அதிகம். ஒப்பீட்டுக் குழுவில் இறப்பு வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். எனவே முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. இந்த ஆய்வு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

என் கண்ணால் பார்த்ததை வைத்து ஒன்றைச் சொல்கிறேன். கோடு செங்குத்தாகச் சரியும்போது ஒரு டெக்னீசியன் என்ன செய்ய முடியும்? நீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கலாம். சில எந்திரங்கள் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. கோடு நிமிர்கிறது, இரத்த அழுத்தம் நிற்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. நான்கு மணி நேரம் முடிந்ததும் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மிச்சம். வெளியே அடுத்த ஷிப்ட் நோயாளி எடைக் கருவியில் ஏறி நிற்கிறார். மிச்ச நீரோடு இவரை அனுப்புகிறோம். அடுத்த முறை அந்த மிச்சத்தோடு புதிய மூன்று கிலோவும் சேர்ந்து வருகிறது. அளவீடு, வேகத்தைக் குறை என்று சொன்னது, குறைத்தோம். அந்த அளவீட்டுக்கு உண்மையாக இருப்பதென்றால் நேரத்தைக் கூட்டியிருக்க வேண்டும். நேரம் கொடுக்காத இடத்தில் இந்த மானிட்டர், நோயாளியின் உடலில் நீரை மெல்ல மெல்லச் சேர்த்துவைக்கும் கருவியாகவும் மாறிவிடக்கூடும். அமெரிக்க ஆய்வில் நடந்தது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஷிப்டுகளில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜென்னி ஃப்ளைத் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே, 10 அல்லது அதற்குக் குறைவாக எடுக்கப்பட்டவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. தறி ஓட்டிய அம்மாவின் கணக்கைப் பாருங்கள். 3,000 மில்லிலிட்டர், நான்கு மணி நேரம், 55 கிலோ: 13.6. அதே மூன்று லிட்டரை ஐந்து மணி நேரத்தில் எடுத்தால் 10.9. மருந்து வேண்டாம், புதிய எந்திரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். டயாலிசிஸின்போது இதயச் சுவரின் சில பகுதிகள் தற்காலிகமாகச் செயலிழப்பதைக் கிறிஸ் மெக்கின்டயர் குழுவினர் எக்கோவில் காட்டியிருக்கிறார்கள். வேகமாக நீர் எடுக்கப்படுவோருக்கு அது அதிகம் நேர்கிறது. கால் சதை இழுக்கும்போது வலிக்கிறது, அதனால் நமக்குத் தெரிகிறது. இதயம் இப்படி வாடுவது வலியில்லாமலே நடக்கிறது. பிரான்சின் தாஸ்ஸாங் ஊரில் பெர்னார் ஷாரா குழுவினர் எட்டு மணி நேர டயாலிசிஸை ஆண்டுக்கணக்கில் நடத்தி, பெரும்பாலானோருக்கு இரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படாமல் செய்தார்கள். எட்டு மணி நேரத்தை இங்கே கனவுகூடக் காண முடியாது. ஐந்தைக் கேட்கிறேன். அதையும் எல்லோருக்கும் கேட்கவில்லை. யாருடைய கோடு கேட்கிறதோ அவருக்கு.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். கட்டில் குறைவு, ஆள் குறைவு, ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், காப்பீட்டில் ஒரு டயாலிசிஸுக்கு இவ்வளவுதான் கிடைக்கும், அது நான்கு மணியானாலும் ஐந்தானாலும் ஒன்றுதான். எல்லாம் உண்மை. வாரம் மூன்று முறை வரச் சொன்னால், ஒரு நாள் கூலியும் இரண்டு பஸ் டிக்கெட்டும் கூடுதலாகப் போகும் குடும்பங்கள் இவை. அதையும் அறிவேன். ஆனால் இந்தத் தடைகளைப் பற்றிப் பேசும்போது நோயாளியின் ஊறுகாயையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். எத்தனையோ பேர் தாகத்தை அடக்கிக்கொண்டு, வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டு வந்த பிறகும், அவர்களுடைய உடல் தரக்கூடிய வேகத்தைவிட அதிக வேகத்தில் நாம் கேட்கிறோம் என்றால் அது அவர்களுடைய குறை இல்லை.

எங்கள் மருத்துவரும் நானும் காலை முதல் ஷிப்டை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கக் கேட்டோம். எல்லாக் கட்டிலுக்கும் முடியாது, இரண்டு கட்டிலுக்கு மட்டும் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதில் ஒன்று அந்த அம்மாவுக்கு. அவருடைய மகன் விடியுமுன்பே வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறான். நான்கரை மணி நேரத்தில் அதே மூன்று லிட்டர், கிலோவுக்கு மணிக்கு 12. தசைப்பிடிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. கடைசிப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்கும்போது கோடு இப்போது அசையாமல் இருக்கிறது. அவருடைய ட்ரை வெயிட் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு ஐந்து மணி நேரம் வேண்டும் என்று அந்தக் கோடுகளின் நகலோடு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.